வைகாசியிலேயே வந்த சாரல்

மே 22, 2025, வியாழன்: மதுரை, ஸ்ரீவில்லிபுத்தூர், தென்காசி

நாள்காட்டிப்படி அக்னி நட்சத்திரம் மே 28 வரை. காலை ஒன்பது மணிக்கே திருமங்கலம் சாலையில் கானல் ஓடியது. விடுமுறை முழுக்க மின்விசிறிக்கு அடியில் சுருண்டு கிடந்த பிள்ளைகளைப் பள்ளி திறப்பதற்குள் வெட்டவெளியில் ஓடவிட வேண்டும் என்றுதான் கிளம்பினோம். எங்கே போவது என்று முடிவு செய்தவர் அத்தை. அவருக்குப் பிறந்த ஊர் கீழப்பாவூர். “குத்தாலத்துல தண்ணி விழுதோ இல்லியோ, மேகாத்து வாங்கிட்டு வருவோம். பிள்ளையளுக்குக் காத்துன்னா என்னன்னு தெரியணும்லா” என்றார். மேகாத்து என்பது மேல்காற்று, மேற்கே மலைப்பக்கமிருந்து வருவது.

டி.கல்லுப்பட்டி தாண்டியதும் காரின் ஏசி நின்றுபோனது. வழியிலிருந்த பட்டறையில் காட்டினோம். மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டு, கேஸ் முழுக்க இறங்கிவிட்டது, பாகம் மதுரையிலிருந்துதான் வரவேண்டும் என்றார். பார்த்ததற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். “கண்ணாடிய இறக்கிவிட்டுட்டுப் போங்க சார், சிவகிரி தாண்டிட்டா ஏசியே வேணாம்” என்றார். அதன்பிறகு பயணம் முழுக்கக் கண்ணாடிகள் திறந்தேதான் இருந்தன. ஏசி ஓடியிருந்தால் கீழே எழுதப்போவதில் பாதி எங்களுக்குத் தெரியாமலே போயிருக்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வரை அனல்தான். நான்குவழிச் சாலை வேலை நடந்த இடங்களில் செம்புழுதி வேறு. பிள்ளைகள் இருவரும் நனைத்த துண்டைத் தலையில் போட்டுக்கொண்டார்கள். துண்டு கால்மணி நேரத்தில் காய்ந்துவிடும், மறுபடி நனைப்போம். ஆண்டாள் கோவில் கல் மண்டபத்துக்குள் நுழைந்தபிறகுதான் மூச்சு சீரானது. நடை சாத்தும் நேரம்; விரட்டாமல் “இப்படி ஓரமா உக்காந்துக்குங்கம்மா” என்று நிழலைக் காட்டினார் கோவில் ஊழியர். வெளியே பால்கோவாக் கடையில் அப்போதுதான் கிண்டி இறக்கியிருந்தார்கள். கேட்காமலே பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு உருண்டை வைத்தார்கள். கிலோ 380 ரூபாய். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம்; ஆனால் சூடாகத் தின்றவர்களுக்குத்தான் அதன் உண்மையான மணம் தெரியும்.

ராஜபாளையத்தில் சப்பட்டை மாம்பழம், கிலோ 80. வாங்கிய பழத்தை அங்கேயே கழுவி, கீறி, காகிதத்தில் வைத்துக் கொடுத்தார் வண்டிக்கார அம்மா. “காருக்குள்ள சாறு ஒழுகுனா எறும்பு வரும், இங்கனயே தின்னுட்டுப் போங்க.”

சிவகிரி தாண்டியபிறகு வலப்பக்கத்து மலை உச்சியில் மேகம் இறங்கியிருந்தது. புளியங்குடியில் எலுமிச்சை மூட்டைகளின் வாசம். கடையநல்லூரை நெருங்கும்போது, சொல்லிவைத்த மாதிரி, வலக்கண்ணாடி வழியாகக் குளிர்ந்த காற்று ஒன்று உள்ளே வந்தது. சின்னவன் துண்டை எடுத்துவிட்டு முகத்தை வெளியே நீட்டினான். அத்தை கண்ணை மூடிக்கொண்டு, “மேகாத்து அடிக்கி” என்று மட்டும் சொன்னார்.

மாலை தென்காசி காசி விசுவநாதர் கோவில். அந்தக் கோபுர வாசலில் காற்று ஆளைத் தள்ளும் என்று ஊரே சொல்லும். உண்மைதான். பெரியவளின் பாவாடையையும் அத்தையின் முந்தானையையும் பிடித்துக்கொண்டு நிற்பதே எனக்கு வேலையாகிவிட்டது. வாசலில் பூ விற்ற அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார்: “சீசன் காத்து தாயி. இந்த வருசம் சீக்கிரமே வந்துட்டு.”

மே 23, வெள்ளி: குற்றாலம்

விடியற்காலை ஐந்தரைக்குப் பேரருவி. தண்ணீர் வெள்ளைச் சேலை அகலத்துக்கு விழுந்துகொண்டிருந்தது. மே மாதத்தில் இதுவே பெரிது என்றார்கள். மேலேயிருந்து வரும் தண்ணீர் நேராகத் தலையில் விழுவதில்லை. இடையில் பொங்குமாகடல் என்கிற ஆழமான பாறைக் குழியில் விழுந்து, வேகம் தணிந்து, அங்கிருந்து வழிந்து வருகிறது. அவ்வளவு உயரத்திலிருந்து விழும் அருவியில் குழந்தைகள்கூட நின்று குளிக்க முடிவது அதனால்தான்.

பெண்கள் பக்கத்தில் கூட்டம் அதிகம். ஆனால் யாரும் யாரையும் இடிக்கவில்லை. பெரியவள் பயந்து பின்வாங்கியதும், கோவில்பட்டியிலிருந்து வந்திருந்த ஒரு பாட்டி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார். “கண்ண மூடு, குனி, வாயால மூச்சு விடு. அவ்வளவுதான்.” எனக்குப் பன்னிரண்டு வருடமாகக் கேட்காத பிள்ளை, அந்தப் பாட்டி சொன்னதும் கேட்டாள். சோப்பு, ஷாம்பு, எண்ணெய் தேய்த்துக் குளிக்கத் தடை இருக்கிறது. அதனால் பாறை வழுக்கவில்லை, தண்ணீரிலும் நுரை இல்லை. இந்தத் தடையை யாராவது குறை சொன்னால் நான் சண்டைக்கே போவேன்.

அருவியில் குளித்தபிறகு வருகிற பசிக்கு ஈடே இல்லை. தள்ளுவண்டியில் இட்லி 8 ரூபாய், உளுந்தவடை 8 ரூபாய், சுக்குக் காப்பி 12. வீட்டில் இரண்டு இட்லிக்கு முக்கால் மணி நேரம் எடுக்கும் சின்னவன் ஐந்து தின்றுவிட்டு அப்பாவின் தட்டைப் பார்த்தான்.

பழக்கடைகளில் மங்குஸ்தான் கொஞ்சமாக வந்திருந்தது, கிலோ 400 சொன்னார்கள். “ரம்புட்டானுக்கு இன்னும் ஒரு மாசம் ஆகும் அண்ணாச்சி” என்று கணவரிடம் கடைக்காரர் சொன்னார். பல கடைகள் இன்னும் தயாராகவே இல்லை. மூங்கில் நடுகிறார்கள், தார்ப்பாய் கட்டுகிறார்கள், பெயர்ப் பலகைக்கு வண்ணம் அடிக்கிறார்கள். ஜூன் முதல் வாரத்தை எதிர்பார்த்து வேலையைத் தொடங்கியிருந்தவர்கள், மேலே மேகத்தைப் பார்த்துப் பார்த்துக் கையை வேகமாக ஓட்டினார்கள்.

மாலை ஐந்தருவியில் ஒரு குரங்கு பால்கோவாப் பொட்டலத்தைப் பறித்துக்கொண்டு மரம் ஏறிவிட்டது. முக்கால் கிலோ. சின்னவன் அழுதான். பக்கத்தில் சோளக்கதிர் சுட்டுக்கொண்டிருந்தவர் ஒரு கதிரை எடுத்து எலுமிச்சையும் மிளகாய்ப்பொடியும் தேய்த்து அவன் கையில் கொடுத்துவிட்டு, காசுக்குக் கை நீட்டவில்லை. வற்புறுத்தியபிறகு 20 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

மே 24, சனி: செங்கோட்டையிலிருந்து தென்மலைக்கு ரயிலில்

கணவரைக் காரில் அனுப்பிவிட்டு நாங்கள் நால்வரும் செங்கோட்டையில் பிற்பகல் ரயிலில் ஏறினோம். இந்தப் பாதை 1904இல் திறக்கப்பட்ட மீட்டர்கேஜ் பாதை. அகலப்பாதையாக மாற்றி 2018இல் மறுபடி ஓடவிட்டார்கள். ஏற்றம் அதிகம் என்பதால் முன்னால் ஓர் எஞ்சின் இழுக்க, பின்னால் இன்னொன்று தள்ளுகிறது. வேகமும் மிகக் குறைவு. ஜன்னலோரப் பிள்ளைகளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

பகவதிபுரம் வரை தென்னை, வயல், வெள்ளை வெயில். சாரல் அவ்வப்போது தூறி நின்றது. எதிர் இருக்கையில் புனலூருக்குப் போகும் தம்பதி தங்கள் நேந்திரம் சிப்ஸ் பையைப் பிள்ளைகள் பக்கம் நகர்த்தி வைத்தார்கள். பிறகு எல்லையை ஒட்டிய நீளமான மலைக்குகை வந்தது. உள்ளே இருட்டு, பிள்ளைகளின் கூச்சல், சுவர்களிலிருந்து ஈரக்காற்று. வெளியே வந்தபோது மழை.

மழை என்றால் தூறல் இல்லை. பள்ளத்தாக்கு முழுவதும் வெள்ளையாக இருந்தது. குகையின் இந்தப் பக்கம் வறண்ட புல், அந்தப் பக்கம் வழுவழுவென்று பாசி பிடித்த பாறை. பெரியவள் வாய் திறந்தபடி திரும்பி என்னைப் பார்த்தாள். எட்டாம் வகுப்புக்குப் போகப்போகிறவள். மழை மறைவுப் பகுதி என்று புத்தகத்தில் படித்து, ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதியும் இருக்கிறாள். கடலிலிருந்து வருகிற காற்று மலையில் மோதி மேலே ஏறும்போது குளிர்ந்து மழையைக் கொட்டிவிடும். மலையைத் தாண்டி இறங்கும்போது அதனிடம் ஈரம் மிச்சம் இருக்காது. இந்த இரண்டு வரியை அவள் அன்று கண்ணால் பார்த்தாள். செங்கோட்டைக் கணவாய் தாழ்வாக இருப்பதால் காற்றில் கொஞ்சம் ஈரத்தோடே இந்தப் பக்கம் நுழைந்துவிடுகிறது. குற்றாலத்துச் சாரல் அந்தக் கொஞ்சம்தான்.

தென்மலையில் இறங்கி டீக்கடைக்கு ஓடுவதற்குள் முழுக்க நனைந்துவிட்டோம். கடையிலிருந்த சேச்சி முதலில் செய்தது, உள்ளேயிருந்து ஒரு தோர்த்து எடுத்து வந்து சின்னவன் தலையைத் துவட்டியதுதான். “எந்தா குடிக்கான்?” என்று அதற்கப்புறமே கேட்டார். கட்டன் சாயா 10 ரூபாய், பழம்பொரி 12. மழைக்கு நடுவே தின்ற அந்தப் பழம்பொரியை அத்தை வீடு வந்துசேரும்வரை பேசிக்கொண்டே இருந்தார். கப்பையும் (மரவள்ளிக்கிழங்கு) மீன் கறியும் 120, வயிறு நிறைய.

கடையின் தொலைக்காட்சியில் அதே செய்தி ஓடிக்கொண்டிருந்தது: தென்மேற்குப் பருவமழை அன்றே கேரளத்தில் தொடங்கிவிட்டது என்று வானிலை ஆய்வு மையம் அறிவித்திருந்தது. வழக்கமான நாள் ஜூன் 1. எட்டு நாள் முன்னதாக வந்துவிட்டது. 2009இல் மே 23 அன்று தொடங்கியதற்குப் பிறகு இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லையாம். ரப்பர் மரங்களுக்கு மழைக்கு முன் கட்டும் பிளாஸ்டிக் பாவாடையைப் பாதித் தோட்டங்களில் இன்னும் கட்டி முடிக்கவில்லை என்று கடையில் இருந்தவர்கள் கவலையோடு பேசிக்கொண்டார்கள். பாவாடை இல்லாவிட்டால் மழைநீர் பால் கோட்டில் ஓடிச் சிரட்டைக்குள் இறங்கிவிடும். பால் வெட்ட முடியாது.

திரும்பும்போது காரில். கழுதுருட்டியில் சாலையை ஒட்டிப் பதின்மூன்று கண் பாலம், கருங்கல் தூண்களில் தண்ணீர் வழிய நின்றது. மழையிலேயே இறங்கிப் பார்த்தோம். பாலருவிக்குப் போகும் வாசலை மழையால் அடைத்திருந்தார்கள். ஆரியங்காவில் சின்னவனின் கணுக்காலில் அட்டை. அவன் அலறுவதற்குள் அத்தை வெற்றிலைப் பெட்டியைத் திறந்து ஒரு சிட்டிகை சுண்ணாம்பைத் தடவினார். அட்டை சுருண்டு விழுந்தது. “எய்யா, ரத்தம் கொஞ்சம் குடிச்சா குடிச்சிட்டுப் போட்டும், அதுக்கும் இது சீசன்லா” என்றார். கோட்டைவாசல் வளைவுகளில் இறங்க இறங்க மழை தூறலாகி, புளியரை வயல்களுக்கு வந்தபோது சாரலாகி நின்றது. கண்ணாடியை ஏற்றாமலே வந்தோம்.

மே 25, ஞாயிறு: குற்றாலத்தில் தடை

இரவு முழுக்கக் காற்றின் இரைச்சல். காலையில் பேரருவிப் பக்கம் போனால் வெள்ளைச் சேலையைக் காணவில்லை. செம்மண் நிறத்தில் தண்ணீர் பாலத்துக்கு அருகே வரை சீறிக்கொண்டிருந்தது. கயிறு கட்டிக் காவலர்கள் நின்றார்கள், குளிக்கத் தடை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். நெடுந்தூரம் வந்தவர் ஒருவர் கோபமாக வாதாடினார். இங்கே மழையே இல்லையே, ஏன் தடுக்கிறீர்கள் என்பது அவர் கேள்வி. இளம் காவலர் ஒருவர் குரலை உயர்த்தாமல் பதில் சொன்னார்: “அண்ணே, மேல பெய்றது இங்க தெரியாது. தண்ணி வந்தபிறகுதான் தெரியும்.”

அது வெறும் பேச்சில்லை. சென்ற ஆண்டு மே 17 அன்று பழைய குற்றாலத்தில் பலரும் குளித்துக்கொண்டிருந்தபோது திடீரென வெள்ளம் வந்து, பதினேழு வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போய்விட்டது. அருவிக்குத் தண்ணீர் தருவது மேலே உள்ள காடு. அங்கே பெய்கிற மழை நம் தலையில் ஒரு சொட்டு விழாதபோதும் வந்து சேரும். அடிவாரத்து வானத்தைப் பார்த்து அருவியை எடைபோடக்கூடாது என்று பிள்ளைகளுக்கு அங்கேயே நிற்கவைத்துச் சொன்னோம். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு மணி நேரம் பார்த்தோம். குளித்த நாளைவிடப் பார்த்த நாள்தான் பிள்ளைகள் மனதில் அதிகம் தங்கியிருக்கிறது; பெரியவள் வரைந்த படத்தில் தண்ணீருக்குப் பழுப்பு நிறம்தான் அடித்திருக்கிறாள்.

சித்திர சபைக்குள் ஒதுங்கினோம். நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்று. சுவரெல்லாம் பழைய ஓவியங்கள். வெளியே காற்று ஊளையிட, உள்ளே அந்த மங்கிய பச்சையும் சிவப்பும். கூட்டம் முழுக்க அருவியோரம் நின்றதால் நாங்கள் மட்டும் நிதானமாகப் பார்க்க முடிந்தது.

துணி காய்வதாக இல்லை. தங்கியிருந்த விடுதியில் அறைக்குள் கட்டிய கொடியில் மூன்று நாள் துணி ஈரமாகவே தொங்கி நாறத் தொடங்கியது. விடுதிச் சமையல்காரம்மா வந்து பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய் விறகடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில் போட்டார். மாலையில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். எல்லாவற்றிலும் புகை வாசம். பணம் கொடுத்தபோது முகம் சுளித்தார். அத்தை அவருக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தார், அதை வாங்கிக்கொண்டார்.

இரவு பிரானூர் பார்டரில் பரோட்டா. பார்டர் என்கிற பெயர் சும்மா வரவில்லை. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது. எல்லை இங்கேதான் ஓடியது. எல்லை போய்விட்டது, பரோட்டா நின்றுவிட்டது. உள்ளங்கை அளவு, ஓரம் மொறுமொறு, ஒன்று 15 ரூபாய். மிளகு தூக்கலாகப் போட்ட கோழி 180. கறி சாப்பிடாத அத்தைக்கு, கேட்காமலே, தனியாகத் தேங்காய்ப்பால் சொதி ஒரு கிண்ணம் வந்தது. “அம்மா சாப்பிடாம உக்காந்திருக்காங்கள்லா” என்றார் பரிமாறியவர். அது வீட்டுக்காக வைத்த சொதி என்று பிறகு தெரிந்தது.

மே 26, திங்கள்: கீழப்பாவூர், நெல்லை, திருச்செந்தூர்

தென்காசியிலிருந்து கிழக்கே. பாவூர்சத்திரம் தக்காளிச் சந்தை நெரிசலைத் தாண்டிக் கீழப்பாவூர்க் குளக்கரையில் அத்தைக்காக நிறுத்தினோம். அவர் சிறுமியாக இருந்தபோது நீந்திய குளம். கரையில் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, தூரத்து உறவில் தம்பி முறை ஆகும் விவசாயி ஒருவரைத் தேடிப் பிடித்தார்.

வானம் திறந்துவிட்டது, அவருக்கு மகிழ்ச்சியாக இருக்கும் என்று நினைத்தேன். “அக்கா, கார் நெல்லுக்கு நாத்துப் பாவ ஆனி ஆகும். இப்பமே தண்ணி வருது. நம்பிப் பாவிட்டு, பொறவு இருவது நாள் வெயில் அடிச்சா நாத்து கருகிரும். பாவாம இருந்து மழை நின்னு பெஞ்சா பருவம் போயிரும்.” வரப்பில் உட்கார்ந்து மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை பழமொழி ஒன்று சொன்னார்: ஆனி அரை ஆறு, ஆவணி முழு ஆறு. “வைகாசிக்குப் பழமொழி இல்லியே அக்கா” என்றார் அவர். நாங்கள் ஊர் திரும்பியபிறகு, மே மாதக் கடைசியிலிருந்து ஜூன் நடு வரை பருவமழை அசையாமல் தேங்கிவிட்டது என்ற செய்தியைப் படித்தபோது எனக்கு அவர் முகம்தான் வந்தது. எட்டு நாள் சீக்கிரம் வருகிற மழை சுற்றிப்பார்க்க வந்த எங்களுக்குப் பரிசு. அவருக்கு அது விடை தெரியாத கணக்கு.

ஆலங்குளம் நெருங்கும்போது மேகம் பின்தங்கிவிட்டது. தலைக்கு மேல் நீலம், பளீரென்று வெயில். ஆனால் காற்று மட்டும் அதேதான், இன்னும் வேகமாக. இருபுறமும் காற்றாலைகள் மேற்கைப் பார்த்துச் சுழன்றன. சின்னவன் திடீரென்று கேட்டான்: “ஆச்சி, இது அன்னைக்கு ரயில்ல வந்த காத்தா?” அதே காற்றுதான். தண்ணீரை அங்கே இறக்கிவிட்டு, வெறுங்கையோடு வருகிறது. கேரளக் கரையில் நனைந்து நின்ற காற்று ஒரு பகல் பயணத்தில் எங்கள் உதட்டை வெடிக்கவைத்தது.

நெல்லையில் டீக்கடைத் தொலைக்காட்சியில், கொச்சிக்கு அப்பால் முந்தின நாள் மூழ்கிய சரக்குக் கப்பலின் பெட்டகங்கள் கொல்லம் கரையில் ஒதுங்குவதைக் காட்டினார்கள். இரண்டு நாள் முன்புதான் அந்தப் பக்கம் போய்வந்தோம் என்பதால் பிள்ளைகள் கண் இமைக்காமல் பார்த்தார்கள்.

தாமிரபரணிக் கரையோரம் ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி வழி. வாழைகளுக்கெல்லாம் முட்டுக்கம்பு கொடுத்திருந்தார்கள்; அப்படியும் சில தோட்டங்களில் குலையோடு சாய்ந்து கிடந்தன. ஆறுமுகநேரிப் பக்கம் உப்பளங்கள். அங்கே ஒரு மழை பெய்தால் பல நாள் உழைப்பு கரைந்துபோகும்.

திருச்செந்தூரில் அமாவாசைக் கூட்டம். ஜூலை 7 கும்பாபிஷேகத்துக்கான திருப்பணி நடந்துகொண்டிருந்ததால் எங்கு பார்த்தாலும் சாரம். கடற்கரை மணலை மேல்காற்று அள்ளிக் கடலுக்குள் வீசியது. கண்ணைத் திறக்க முடியவில்லை. நாழிக்கிணற்றில் குளித்தபிறகுதான் காதுக்குள்ளிருந்த மணல் போனது. இட்லிக்கடையில் இட்லி 10, கூட்டத்துக்காக ஏற்றிய விலை. எங்களுக்குப் பின்னால் குழந்தையோடு நின்ற பெண்ணை முன்னே விட்டதும், அவர் வாங்கிய வாழைப்பழத்தில் இரண்டைச் சின்னவன் கையில் திணித்துவிட்டுப் போனார்.

மே 27, செவ்வாய்: குதிரைமொழித் தேரி, உடன்குடி

திருச்செந்தூரிலிருந்து அதிக தூரமில்லை. காயாமொழி தாண்டி, தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோவிலுக்கு அருகில் காரை நிறுத்திவிட்டு நடந்தோம். கார்த்திகையில் கள்ளர் வெட்டுத் திருவிழாவுக்கு ஜனம் திரளும் இடம், இன்று யாருமில்லை. கண் எட்டும்வரை சிவப்பு மணல் மேடு. இரும்புச்சத்து படிந்த சிவப்பு. நடுநடுவே பனை, உடைமரம், கொல்லாமரம் என்கிற முந்திரி. மலையடிவாரத்துச் செம்மண்ணை மேல்காற்றுதான் நெடுங்காலமாகக் கொண்டுவந்து குவித்தது என்று புவியியல் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் அருவியில் எங்களை நனைத்ததும், ஆலங்குளத்தில் காற்றாலையைச் சுற்றியதும், இங்கே மணலில் வரிவரியாகக் கோலம் போட்டுக்கொண்டிருந்ததும் ஒன்றே. நாங்கள் அதன் பின்னாலேயே வந்திருக்கிறோம்.

காலை எட்டு மணிக்கே மணல் சுட்டது. பிள்ளைகள் மேட்டில் ஏறி உருண்டார்கள். மணலுக்கு அடியில் கையை விட்டால் குளிர்ச்சி; பெரியவள் முழங்கை வரை புதைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எங்கள் காலடித் தடத்தைக் காற்று கண்ணெதிரே மூடியது. சின்னவன் கொல்லாம்பழத்தைக் கடித்துவிட்டுத் தொண்டை கரகரக்கிறது என்று அரைமணி நேரம் இருமினான். அத்தை உப்புத் தொட்டுத் தின்னச் சொல்லிக் காட்டினார். அப்படித் தின்றபோது கரகரப்பு குறைந்தது.

பனங்காட்டு ஓரத்தில் பனையேறி ஒருவர் அப்போதுதான் இறங்கியிருந்தார். பச்சை ஓலையை மடித்துப் பட்டை செய்து, அதில் பதநீர் ஊற்றிக் கொடுத்தார்; அதற்குள்ளேயே நுங்கையும் வழித்துப் போட்டார். ஒரு பட்டை 30 ரூபாய். வயதானவர்களுக்கு இறக்கிய முதல் பதநீரைக் கொடுக்க வேண்டும் என்று அத்தைக்கு முதலில் ஊற்றினார். அத்தையிடம் பணம் வாங்கவில்லை.

குற்றாலத்தில் மழையா என்று ஆவலோடு கேட்டார். ஆமாம் என்றதும் அவர் மலைப்பக்கம் திரும்பிப் பார்த்தார். “அது அங்கனயே பெய்யட்டும். பாளையில மழை விழுந்தா பதநீ கெட்டுப்போவும், மரமும் வழுக்கும். ஆடி வரைக்கும் இந்தக் காத்து காஞ்சே அடிக்கணும்.” குற்றாலத்துக் கடைக்காரர்கள் மேகத்துக்காகக் காத்திருந்ததும், கீழப்பாவூர்க்காரர் நாளை எண்ணிக்கொண்டிருந்ததும், இவர் வெயிலை வேண்டி நிற்பதும் ஒரே வாரத்துக்குள், இரு மாவட்டங்களுக்குள். நல்ல வானிலைக்காகக் காத்திருந்து பிள்ளைகளை வெளியே கூட்டிப்போவோம் என்று இனி நான் சொல்லமாட்டேன். யாருடைய நல்ல வானிலை என்று பெரியவளே கேட்பாள்.

உடன்குடியில் கருப்பட்டி வாங்கினோம். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து பெயர் பரவிவிட்டது. கூடவே சீனி கலந்த சரக்கும் பரவிவிட்டது. கடையில் கிலோ 250க்கும் இருந்தது, 400க்கும் இருந்தது. பனையேறி சொல்லிவிட்ட வீட்டில் 380க்கு வாங்கினோம். வாயில் போட்டால் மெதுவாகக் கரைந்தது. அடியில் ஒரு உப்புக் கரிப்பு. அந்த வீட்டம்மா உடைத்துக் காட்டி, உள்ளே மினுமினுப்பு இருந்தால் வாங்காதீர்கள் என்று கற்றுக்கொடுத்தார்.

மதுரைக்குத் திரும்பும் வழி முழுக்க வெயில். அக்னி நட்சத்திரத்துக்கு இன்னும் ஒரு நாள் பாக்கி. கிளம்பும்போது அத்தை பனையேறியிடம் கேட்டுவைத்தது இது: ஆடிக்குப் பிறகு நீங்கள் என்ன செய்வீர்கள்? ஆவணியில் பனம்பழம் பொறுக்கி, கொட்டையைச் சேர்த்து மண்ணில் புதைப்பாராம். ஐப்பசியில் கீழ்க்காற்று மழையைக் கொண்டுவரும்போது இந்தத் தேரியும் நனையும், கொட்டை முளைவிடும். பொங்கலுக்குக் கிழங்கு பிடுங்கலாம். “பிள்ளையளக் கூட்டிக்கிட்டு வாங்க. மண்ணுக்குள்ள இருந்து அவங்களே பிடுங்கட்டும்” என்றார். தை மூன்றாம் தேதி வருகிறோம் என்று அத்தை வாக்குக் கொடுத்துவிட்டார். சின்னவன் மண்வெட்டி நாங்கள் கொண்டுவர வேண்டுமா என்று கேட்டான். வேண்டாம், கடப்பாரை இருக்கிறது என்றார் அவர்.